15 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: முழு ஆக்சிலேட்டரில் இருமி நிற்கிறது, பெட்ரோலில் தண்ணீரா?

#1 பாம்பன்_வல்லம்

படகின் பின்புறம் மாட்டுகிற எஞ்சின், 15 எச்.பி., டூ-ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுகிற ரப்பர் பல்ப் வைத்த ஓஸ், கவருக்குள் சின்ன கப் ஃபில்டர். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைக்கிற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது). பெட்ரோலில் கலக்கிற ஆயில் டிசி-டபிள்யூ3 ரகம், 50 பங்குக்கு 1.

கயிறு இழுத்தால் ரெண்டாவது இழுப்பில் பிடிக்கிறது. ஸ்லோவில் சீராக ஓடுகிறது. பாதி ஆக்சிலேட்டர் வரை குறை இல்லை. முழுசாகத் திருப்பினால் பத்துப் பதினைந்து விநாடியில் இருமல், வேகம் விழுந்து நின்றுவிடுகிறது. பல்பை நாலு தடவை அமுக்கிவிட்டு இழுத்தால் மறுபடி பிடிக்கும், ஓரிரு நிமிடம் ஓடும், திரும்ப அதே கதை. அலையில் ஆடும்போது அதிகம், கரையோர அமைதித் தண்ணீரில் குறைவு. பிளக் ரெண்டும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றலாமா?

#2 கடல்பட்டறை

இன்னும் கழற்றாதீர்கள் தம்பி. டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கார்புரேட்டரைக் கழுவினால், மாட்டின அஞ்சாவது நிமிடம் அதே அழுக்கு மறுபடி உள்ளே போய் உட்காரும்.

எஞ்சின் நின்ற அந்த நொடியில் பல்பைத் தொட்டுப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

பல்ப் உள்ளே ஒட்டிச் சப்பையாக இருந்தால், டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கவில்லை அல்லது டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது. தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்து அலைகிற பலருக்கும் கோளாறு இந்தத் திருகுதான். பல்ப் தொளதொளவென்று இருந்து, அமுக்க அமுக்க இறுகாமல் போனால் எங்கோ காற்று இழுக்கிறது: கனெக்டர் ஓ-ரிங், கிளிப், வெடித்த ஓஸ் என்று பார்க்க வேண்டும். ஓடும்போது ஒருவர் பல்பை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் முழு வேகத்திலும் நிற்காமல் ஓடுகிறது என்றால் ஃப்யூவல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற சவ்வு) தளர்ந்திருக்கிறது.

பல்ப் கல்லு மாதிரி இறுகி இருந்தும் எஞ்சின் நிற்கிறதென்றால், எரிபொருள் வந்து சேர்கிறது, வந்து சேர்வதுதான் சரியில்லை. அப்போது சோக்கை (காற்றைக் குறைக்கிற மூடி) கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டை வைத்த பித்தளைத் திருகு) லேசாக அடைத்திருந்தால் சோக் போட்டதும் எஞ்சின் தேறும். தண்ணீர் இருந்தால் சோக் போட்டாலும் தேறாது, சில சமயம் இன்னும் மோசமாகும்.

அலையில் அதிகம், அமைதியில் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அது டேங்கின் அடியில் எதுவோ குலுங்குகிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

#3 சோளகம்

வல்வெட்டித்துறைப் பக்கமிருந்து எழுதுறன். தம்பி, ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் எடுங்கோ. பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், கண்ணாடியிலைதான் கோடு வடிவாய்த் தெரியும்.

மூண்டு இடத்திலை மாதிரி எடுக்கவேணும். ஒண்டு, காபரேற்றர் கிண்ணத்தின்ரை அடித் திருகைத் தளர்த்தி வாறது முழுக்க. ரெண்டாவது, கப் ஃபில்டரிலை நிக்கிறது. மூண்டாவது, தாங்கியை ஒரு மூலைக்குச் சரிச்சு அஞ்சு நிமிசம் வைச்சிட்டு, அந்த மூலையின்ரை அடியிலிருந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கிறது. வாயாலை உறிஞ்சாதேங்கோ, ஒரு பழைய பல்பாலை இழுங்கோ.

மூண்டையும் பத்து நிமிசம் அசைக்காமல் வையுங்கோ. ஆயிலிலை நிறம் இருக்கிறதாலை பெற்றோல் நீலமாயோ சிவப்பாயோ மேலை நிக்கும், அடியிலை நிறமில்லாத படை இருந்தால் அது தண்ணி. பெற்றோலின்ரை அடர்த்தி 0.74 அளவு, தண்ணி 1, கடல்தண்ணி 1.025. கீழை போகாமல் வேறை வழியில்லை.

ஒரு பொறி இருக்கு, கவனியுங்கோ. கிண்ணத்திலிருந்து வந்தது முழுக்கவும் தண்ணியாய் இருந்தால் போத்தலிலை கோடே தெரியாது! "கோடு இல்லை, சுத்தம்" எண்டு சனம் ஏமாறுறது இதிலைதான். சந்தேகமெண்டால் அதுக்குள்ளை நல்ல பெற்றோல் கொஞ்சம் ஊத்துங்கோ. மேலை மிதந்தால் கீழை இருக்கிறது தண்ணி. பவுண்டன் பேனா மை ஒரு துளி விட்டாலும் போதும், மை பெற்றோலிலை கரையாது, தண்ணிப் படையை மட்டும் நீலமாக்கும். (உங்கடை ஆயில் நீலமெண்டால் சிவப்பு மை எடுங்கோ.)

#4 பாம்பன்_வல்லம்

பார்த்தாயிற்று. நிற்கும்போது பல்ப் இறுகித்தான் இருக்கிறது. காற்றுத் திருகு திறந்திருக்கிறது. சோக் இழுத்தால் தேறவில்லை.

போத்தல்: கிண்ணத்திலிருந்து வந்ததில் கிட்டத்தட்ட பாதி நிறமில்லாத படை. கப் ஃபில்டரில் அடியில் விரல் அகலம். டேங்க் மூலையிலிருந்து எடுத்த அரை லிட்டரில் 200 மி.லி. அளவு கீழ்ப்படை. மேலே நிற்கிற பெட்ரோல் தெளிவாக இல்லை, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி மங்கல். இவ்வளவு தண்ணீர் எப்படிப் போகும்? நேற்று 20 லிட்டர் வாங்கி ஊற்றினது.

#5 கடல்பட்டறை

அது முழுக்கத் தண்ணீர் இல்லை. இ20 என்பதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

எத்தனால் கலக்காத பெட்ரோல் தண்ணீரை ஏற்கவே ஏற்காது. ஒரு முழு டேங்குக்கு ஒரு தேக்கரண்டி கரைந்தால் அதிகம், மிச்சமெல்லாம் அன்றைக்கே அடிக்குப் போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 10 சதவீத எத்தனாலில் சாதாரண வெப்பநிலையில் சுமார் அரை சதவீதம் தண்ணீர் கரையும். 24 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 120 மி.லி. இ20-இல் அதைவிடக் கூடக் கரையும். அதுவரை எஞ்சினுக்கு ஒன்றும் தெரியாது, ஓடும். அந்த எல்லையைத் தாண்டியதும் தண்ணீர் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு மொத்தமாக அடிக்கு இறங்கும். வெப்பம் குறைந்தாலும் எல்லை குறையும், அதனால் பகலில் சரியாக இருந்த டேங்க் மழை ராத்திரி கழிந்து காலையில் பிரிந்து நிற்கும். மேலே மங்கலாகத் தெரிவது இன்னும் முழுசாகப் பிரியாத பகுதி.

முழு வேகத்தில் மட்டும் ஏன் நிற்கிறது என்றால்: மெயின் ஜெட் கிண்ணத்தின் ஆகக் கீழே இருக்கிறது, தண்ணீர் முதலில் நிறைவதும் அங்கேதான். ஸ்லோவில் இழுவை குறைவு, தண்ணீர் பேசாமல் அடியில் கிடக்கும். முழுசாகத் திறந்தால் அந்தப் படை அப்படியே தூக்கப்பட்டு ஜெட்டுக்குள் வரும். மெயின் ஜெட் ஓட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர்; ஒரு துளித் தண்ணீர் அதில் தோல் போர்த்தின மாதிரி நின்று மூடிக்கொள்ளும். தாண்டி உள்ளே போனாலும் எரியாது, பிளக்கை நனைக்கும்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு இதில் இன்னொரு ஆபத்து. ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. தண்ணீர் போகிற நேரத்தில் கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஆயில் இல்லை. "விட்டுவிட்டு ஓடுகிறதே, கரை சேர்ந்துவிடலாம்" என்று இப்படியே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். ஓட்டியே ஆகவேண்டுமென்றால் கால் ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல், டேங்கை உறிஞ்சு குழாய் மேட்டில் இருக்கிற மாதிரி சரித்து வைத்து ஓட்டுங்கள்.

#6 வாடைக்கடல்

அண்ணே, மேலே நிற்கிற பெட்ரோலை மட்டும் இறுத்து, வேட்டித் துணியில் ரெண்டு தடவை வடிகட்டிப் போட்டால் ஆகாதா? 20 லிட்டர் காசு சும்மா இல்லையே. இல்லையென்றால் மெடிக்கல் ஸ்பிரிட் ஒரு பாட்டில் ஊற்றினால் தண்ணீர் கரைந்துவிடும் என்கிறார்கள்.

#7 கடல்பட்டறை

துணி தண்ணீரை நிறுத்தாது. பருத்தித் துணி நனைந்த பிறகு தண்ணீரையும் கடத்திவிடும். மணல், துரு நிற்கும், அவ்வளவுதான்.

ஸ்பிரிட் யோசனை எத்தனால் இல்லாத பெட்ரோலில், சில துளித் தண்ணீருக்குச் சரி. இங்கே டேங்கில் ஏற்கெனவே நாலு லிட்டருக்கு மேல் எத்தனால் இருந்தும் தாங்காமல் பிரிந்திருக்கிறது, இன்னும் அரை லிட்டர் ஊற்றி என்ன ஆகப்போகிறது? யமஹா உட்பட அவுட்போர்டு கம்பெனிகள் பலவும் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புகின்றன. நாம் பங்கில் வாங்குவதே அதற்கு இரட்டிப்பு. அதற்குமேல் ஆல்கஹால் சேர்ப்பது டயாஃப்ரத்துக்கும் ஓஸின் உள்தோலுக்கும்தான் கேடு.

மேல்படையை இறுத்துப் பயன்படுத்துவதைப் பற்றி: பிரிந்துபோன இ20-இன் மேல்படையில் எத்தனால் பெரும்பகுதி போய்விட்டது. ஆக்டேன் குறைந்திருக்கும். இன்னும் மங்கலாக இருந்தால் ராத்திரிக் குளிரில் மறுபடி பிரியும். கடலில் நடுவழியில் நிற்பதைவிட அந்தக் காசு பெரிதில்லை.

#8 சோளகம்

ஆனால் எத்தனால் இல்லாத பெற்றோலெண்டால் கதை வேறை. முதல்லை எது எண்டு அளந்து பாருங்கோ, அஞ்சு நிமிச வேலை.

மருந்துக் கடையிலை கிடைக்கிற 100 மி.லி. அளவுக் குழாய், அல்லது ஒடுங்கின கண்ணாடிப் போத்தலிலை கோடு போட்டு எடுத்தாலும் சரி. 10 மி.லி. தண்ணி விட்டு அந்த மட்டத்திலை கோடு போடுங்கோ. மேலை 90 மி.லி. பெற்றோல். ஆயில் கலக்காதது. மூடி நல்லாய்க் குலுக்கி, மூடியை ஒருக்கால் திறந்து ஆவியை விட்டிட்டு, பத்து நிமிசம் வையுங்கோ. தண்ணிக்கோடு அதே இடத்திலை நிண்டால் எத்தனால் இல்லை. ஏறினால், ஏறின அளவு எத்தனால்.

நான் இஞ்சை 92 ஒக்ரேன் பெற்றோலிலை செய்த அளவிலை கோடு அசையவே இல்லை. அப்பிடியான பெற்றோலை வெள்ளைக் கலனிலை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைச்சு, மேல் மூண்டிலை ரெண்டு பங்கை மட்டும் இழுத்தெடுத்துப் பாவிக்கலாம். அடி மூண்டிலை ஒண்டை எஞ்சினுக்கு விடாதேங்கோ.

#9 பாம்பன்_வல்லம்

பங்கிலிருந்து புதிதாக வாங்கின ஆயில் கலக்காத பெட்ரோலில் செய்தேன். 10-இல் போட்ட கோடு 26-க்கு ஏறிவிட்டது. அப்படியானால் மேல்படையைக் காப்பாற்ற வழியில்லை, சரி.

இன்னொன்று: டேங்கின் அடியில் நின்ற படையிலிருந்து ரெண்டு சொட்டை எவர்சில்வர் கரண்டியில் விட்டு வெயிலில் காயவைத்தேன். வெள்ளையாக வட்டம் படிந்திருக்கிறது.

#10 கடல்பட்டறை

வெள்ளை வட்டம் என்றால் உப்பு. கடல் தண்ணீர் போயிருக்கிறது. மழைத் தண்ணீராக இருந்தால் நாளைக்குச் செய்யலாம் என்று விடலாம், இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. கார்புரேட்டர் உடம்பு வார்ப்பு உலோகம், ஜெட் பித்தளை. நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் ஓரிரு நாளிலேயே வெள்ளைப் பொருக்கு கட்டத் தொடங்கும். உள்ளே ரீட் வால்வு, பேரிங் துரு பிடிக்கும்.

வரிசை முக்கியம். டேங்கிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கி வாருங்கள். தலைகீழாகச் செய்தால் மேலே கழுவினது கீழிருந்து மறுபடி அழுக்காகும்.

வேலையைப் படகுக்குள் வைத்துச் செய்ய வேண்டாம், கரையில் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். பக்கத்தில் பீடி, அடுப்பு, பேட்டரி இணைப்பு எதுவும் கூடாது. கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச்) கயிற்றைக் கழற்றிவிடுங்கள்.

டேங்க்: ஓஸைக் கழற்றி, உறிஞ்சு குழாயை மேலிருந்து திருகி எடுங்கள். அடியில் வலை இருக்கும், அதில் வெள்ளையாகச் சளி மாதிரிப் படிந்திருந்தால் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். டேங்கை முழுக்கக் கவிழ்த்து வடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றி, மூடி, எல்லா மூலைக்கும் ஓடுகிற மாதிரி உருட்டிக் கொட்டுங்கள். ரெண்டாவது முறை அரை லிட்டர். அந்த ரெண்டாவது கழுவலைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள்; கோடு இருந்தால் மூன்றாவது முறை. பிறகு மூடியைத் திறந்துவைத்து நிழலில் காற்றில் உலரவிடுங்கள். உள்ளே கை விட்டு வாய்விளிம்பின் கீழ்ப்பக்கத்தைத் துடையுங்கள், அந்த மடிப்பில் துளிகள் ஒளிந்து நிற்கும்.

ஓஸ்: டேங்க் முனையை ஒரு கேனில் உள்ள நல்ல பெட்ரோலில் வையுங்கள். எஞ்சின் முனைக் கனெக்டரின் நடுவில் உள்ள சின்ன வால்வை ஒரு மழுங்கின குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பல்பை நிறுத்தி, அரை லிட்டர் வெளியேறும் வரை அமுக்குங்கள். பல்பைப் படுக்கவைத்து அமுக்கினால் அதன் வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும்.

கப் ஃபில்டர்: கையாலேயே திருகிக் கழற்றலாம். ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் திரும்ப மாட்டுங்கள், அது முறுக்கினால் காற்று இழுக்கும், புதுக் கோளாறு ஆரம்பிக்கும். ஃப்யூவல் பம்பைத் திறந்தால் டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். டயாஃப்ரம் விறைத்தோ அலையலையாகவோ இருந்தால் மாற்றுங்கள்.

கார்புரேட்டர்: இப்போதுதான் இதற்கு முறை. அடித் திருகைத் திறந்து வடித்தால் மட்டும் போதாது, இந்த அளவுத் தண்ணீருக்குக் கிண்ணத்தைக் கழற்றியே ஆக வேண்டும். மிதவையின் ஊசியை எடுத்து வைக்கும்போது சின்னக் கம்பி கிளிப் கீழே விழும், வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள். மெயின் ஜெட்டுக்கு அதன் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதாகப் போட்டால் பித்தளை மழுங்கி, ஜெட்டையும் இழப்பீர்கள். பைலட் ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் உப்பு ஒரு துகள் நின்றால் எஞ்சின் ஸ்லோவில் ஓடாது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஊதி, ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைப்பு நீக்க ஒயரின் ஒற்றைச் செம்பு இழை, அல்லது டூத்பிரஷ் நைலான் முடி. குண்டூசி, எஃகுக் கம்பி வேண்டவே வேண்டாம், ஓட்டை பெரிதானால் கலவை கூடி எஞ்சின் புகையும்.

ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் அது முழுசாக மூடுவதற்கு எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப அதே எண்ணிக்கையில் வையுங்கள்.

#11 வாடைக்கடல்

வெள்ளைப் பொருக்கு கழுவ எலுமிச்சம்பழச் சாறு, புளித்தண்ணீர் போடுவார்களே?

#12 கடல்பட்டறை

பித்தளை ஜெட்டைத் தனியே எடுத்து எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி ஊதினால் கெடுதல் இல்லை. கார்புரேட்டர் உடம்பையும் கிண்ணத்தையும் அதில் போடக் கூடாது. புளிப்பு அந்த வார்ப்பு உலோகத்தைத் தின்னும். பளபளப்பாகத் தெரியும், ஆனால் ஊசி உட்காருகிற இடமும் கேஸ்கெட் முகமும் சொரசொரப்பாகிக் கசியத் தொடங்கும். உடம்புக்கு நைலான் பிரஷ், கார்புரேட்டர் கிளீனர், பொறுமை, இந்த மூன்றும் போதும். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் கடைசியில் பெட்ரோலில் அலசிக் காயவிடாமல் மாட்டாதீர்கள்.

#13 குளச்சல்_வள்ளம்

எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் எஞ்சின்கள்தான் நிறைய, அதில் இந்த வேலையில் சில வித்தியாசம் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.80 பக்கம், பெட்ரோலைவிடக் குழகுழப்பு. தண்ணீர் துளி பிரிந்து இறங்க நேரமெடுக்கும். போத்தலைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடிவெடுக்காமல் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். ட்ரம்மிலிருந்து குழாய் போட்டு எடுக்கும்போது ட்ரம் அடியிலிருந்து நாலு விரல் மேலேயே குழாய் நிற்க வேண்டும். அடித்துப் பிடித்து முழுவதையும் உறிஞ்சுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த எஞ்சினில் பெட்ரோலுக்குத் தனிச் சின்ன டேங்க் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். ஆகவே கிளம்பும்போது நன்றாக ஓடி, மாற்றின ஓரிரு நிமிடத்தில் நின்றால் கோளாறு மண்ணெண்ணெய்ப் பக்கம். கிளம்பவே இல்லையென்றால் பெட்ரோல் பக்கம். இது எங்களுக்கு ஒரு வசதி, எந்த டேங்க் என்று உடனே தெரிந்துவிடும். நிறுத்தும்போதும் பெட்ரோலுக்கு மாற்றிக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நின்றால் மறுநாள் இழுத்து இழுத்துத் தோள் போகும்.

#14 சோளகம்

சிலிண்டர் பக்கத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. கடல்தண்ணி உள்ளை போனதெண்டால் இதை மறக்கவே கூடாது.

ரெண்டு பிளக்கையும் கழட்டுங்கோ. முனையிலை தெளிஞ்ச துளி நிண்டால் தண்ணி உள்ளை வந்திருக்கு. கில் சுவிட்ச் கயிறு கழட்டினபடியே இருக்கட்டும், பிளக் வயர் ரெண்டையும் எஞ்சின் உடம்போடை தொடுக்கவேணும்; வயரைச் சும்மா தொங்கவிட்டு இழுத்தால் சிடிஐ (பிளக்குக்குப் பொறி குடுக்கிற மின்பெட்டி) பழுதாகலாம், பக்கத்திலை பெற்றோல் ஆவியும் நிக்குது. பிளக் ஓட்டை கீழ்ப்பார்க்க எஞ்சினைச் சரிச்சு, பத்துத் தரம் மெதுவாய் இழுத்துத் தண்ணியை வெளியேத்துங்கோ. பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு இன்னும் அஞ்சாறு தரம் இழுங்கோ.

பிளக்கைத் துடைச்சு வெயிலிலை காயவிட்டால் போதும், புதுசு வாங்கத் தேவையில்லை. யமஹா 15 டூ-ஸ்ட்ரோக்குக்கு என்ஜிகே பி7எச்எஸ்-10, இடைவெளி 0.9 இலிருந்து 1.0 மி.மீ. வேறை மொடல் எண்டால் புத்தகத்தைப் பாருங்கோ.

#15 பாம்பன்_வல்லம்

எல்லாம் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மெயின் ஜெட்டைச் சுற்றி வளையமாக வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. மெயின் ஜெட்டில் வெளிச்சம் பிறை மாதிரிதான் தெரிந்தது. கிளீனரும் செம்பு இழையும் போட்ட பிறகு முழு வட்டம். பைலட் ஜெட் சுத்தம். கீழ் சிலிண்டர் பிளக்கில் துளி இருந்தது, மேலதில் இல்லை. சொன்னபடி ஆயில் விட்டு இழுத்தாயிற்று.

டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் ஒரு இடத்தில் வெடித்திருக்கிறது. காற்றுத் திருகை ராத்திரி மூடவில்லை. கடல் தண்ணீர் இந்த வழியாகத்தானா?

#16 கடல்பட்டறை

பெரும்பாலும் அதுதான். டேங்க் தலையில் குழிவாக ஒரு இடம் இருக்கிறதல்லவா, அலைத்தெறிப்பும் மழையும் அதில் குளமாக நிற்கும், மூடி அந்தக் குளத்தின் நடுவில். பகலில் வெயிலில் டேங்க் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். வாஷர் வெடித்திருந்தால் காற்றுக்குப் பதில் குளத்துத் தண்ணீரை இழுக்கும். ஒரே ராத்திரியில் ஒரு டம்ளர் போக இது போதும்.

அடுத்த வழி கனெக்டர். ஓஸைக் கழற்றி எஞ்சின் முனையைப் படகின் அடித்தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். காலையில் அப்படியே செருகினால் கனெக்டர் வாயில் நின்ற உப்புத்தண்ணீர் முதல் பம்பிலேயே கார்புரேட்டருக்குப் போகும். கழற்றினால் மேலே தொங்கவிடுங்கள், செருகும்முன் ஒரு ஊது ஊதுங்கள். பாதி டேங்க் காற்றில் ஈரம் வியர்த்து வருவதையும் சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் துளி அளவு. 200 மி.லி. அதனால் வராது.

பங்கின் மீது சந்தேகம் என்றால் ஊற்றும்போதே ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சாட்சி. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கும் பேஸ்ட்டை அளவுகோலில் தடவி இறக்கிக் காட்டச் சொல்லலாம். எத்தனாலுக்கென்று வரும் பேஸ்ட்டாக இருக்க வேண்டும், பழைய பேஸ்ட் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த படையில் சரியாக நிறம் மாறாது.

#17 வாடைக்கடல்

தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் போட்டால் இதெல்லாம் வேண்டாமே?

#18 சோளகம்

போடுங்கோ, ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது எண்டு தெரிஞ்சு போடுங்கோ. 10 மைக்ரோன், அடியிலை கண்ணாடிக் கிண்ணமும் வடிக்கிற திருகும் உள்ளதாய்ப் பாருங்கோ. தாங்கிக்கும் பல்புக்கும் நடுவிலை, நிமிர்ந்து நிக்கிறமாதிரி, அலை தெறிக்காத இடத்திலை. படுக்கப் போட்டால் பிரிக்காது. ஒவ்வொரு இணைப்புக்கும் ரெண்டு கிளிப். ஒரு ஃபில்டர் போட்டால் நாலு புது மூட்டு, நாலிலையும் காற்று இழுக்கலாம்.

சில துளி, சில கரண்டித் தண்ணியை அது பிடிச்சு வைக்கும். கிண்ணம் நிறைஞ்சால் அதுக்கு மேலை தண்ணி எஞ்சினுக்குப் போகும். எத்தனால் பிரிஞ்ச படையை நம்பி விடேலாது, அளவு அவ்வளவு கூட.

தண்ணி தள்ளுற வலை போட்ட புனலும் அப்பிடித்தான். அதின்ரை வலையிலை பூசின பூச்சு பெற்றோலை விடும், தண்ணியை மறிக்கும். வாங்கினவுடனை தண்ணி ஊத்திப் பாருங்கோ, ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவினால் மறிக்கிற தன்மை போயிடும். பால் மாதிரிக் கலங்கின பெற்றோலை அதாலை பிரிக்க முடியாது.

#19 பாம்பன்_வல்லம்

இன்று ஓட்டிப் பார்த்தது: 5 லிட்டர் புதுப் பெட்ரோல், 100 மி.லி. ஆயில். நல்ல தண்ணீர் ட்ரம்மில் கியர் போடாமல் ஸ்லோவில் பத்து நிமிடம். முதல் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, விட்ட ஆயில் எரிந்தது என்று நினைக்கிறேன், பிறகு தெளிந்தது. குளிர்நீர் ஒழுக்கு சரியாக வந்தது. நிறுத்திக் கிண்ணத்தை மறுபடி போத்தலில் வடித்தேன்: அடியில் மிளகு அளவு ஒரே துளி. ஓஸில் எங்கோ நின்றதாக இருக்கும்.

ரெண்டாவது முறை வடித்ததில் ஒன்றுமில்லை. கடலில் முழு ஆக்சிலேட்டரில் இருபது நிமிடம், இருமல் இல்லை. மூடி வாஷர் மாற்றியாயிற்று. கழித்த பெட்ரோல் 22 லிட்டர் மூடின கேன்களில் இருக்கிறது, அதை என்ன செய்வது?

#20 கடல்பட்டறை

அந்த ஒற்றைத் துளியை விடாமல் பார்த்தீர்களே, அதுதான் வேலை. அடுத்த ஐந்து மணி நேர ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை கிண்ணத்தை வடியுங்கள், ஒரு வாரம் கழித்துப் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பி நிறம் வந்திருக்க வேண்டும். ரெண்டு பிளக்கில் கீழது மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், அது தண்ணீர் இல்லை, வேறு விஷயம்.

கழித்ததைக் கடலிலோ மணலிலோ ஊற்றாதீர்கள், மோட்டார் சைக்கிளுக்கும் போடாதீர்கள், அடுப்பு பற்றவைக்கவும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கேனில் "தண்ணீர் கலந்த பெட்ரோல்" என்று பெரிதாக எழுதி, நிழலில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். கழிவு ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் பட்டறைகள் சேர்த்துக் கொடுக்கும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்படையுங்கள். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெயிலில் விரிய நாலு விரல் இடம் விடுங்கள்.

#21 பாம்பன்_வல்லம்

சரி அண்ணே. அஞ்சு மணி நேரம் ஓடியதும் போத்தலைப் படம் எடுத்துப் போடுகிறேன்.